மெதுவாகும் கணிப்பொறி: வன்தட்டை ஒழுங்கு செய்வது எப்படி?

கணிப்பொறி வாங்கிய புதிதில், பொத்தானை அழுத்திய சிறிது நேரத்திலேயே அது வேலைக்குத் தயாராகிவிடுகிறது. நான்கைந்து ஆண்டுகள் கழிந்த பின் அதே கணிப்பொறி தயாராவதற்குள் ஒரு குவளை காப்பி குடித்து முடித்துவிடலாம். ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால், பெட்டிக்குள்ளிருந்து 'கிர்ர், கிர்ர்' என்ற ஓசை வருகிறதே தவிர, படம் வருவதில்லை. இதைக் கண்ட நண்பர் ஒருவர், "டீஃப்ராக் செய்துவிடு, சரியாகிவிடும்" என்பார். இன்னொருவர், "அதற்கென்றே இலவசமாகப் புரோகிராம் கிடைக்கிறது, அதைப் போட்டுப் பார்" என்பார். தேடிப் பார்த்தால் ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு கருவிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தானே சிறந்தது என்று சொல்லிக்கொள்கிறது.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? நோய் இன்னதென்று தெரியாமல் மருந்துக் கடைக்குப் போவதால் பயனில்லை அல்லவா? இங்கும் அப்படித்தான். ஒழுங்கு செய்யக்கூடாத தட்டில் இக்கருவியை ஓட்டினால் தட்டின் ஆயுள் வீணாகும். பழுதாகிக்கொண்டிருக்கும் தட்டில் ஓட்டினால், பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த குடும்பப் படங்களும் பாடக் குறிப்புகளும் ஒரே இரவில் போய்விடக்கூடும். ஆகவே கருவிகளைப் பார்க்கும் முன், வன்தட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

சுழலும் தட்டும் நகரும் கரமும்

ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டினுள் காந்தப் பூச்சு பூசிய வட்டத் தட்டுகள் உள்ளன. இவை அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆனவை. மடிக்கணிப்பொறிகளில் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 தடவையும், மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் 7,200 தடவையும் இவை சுழல்கின்றன. தட்டின் மேல் ஒரு மெல்லிய கரம் நீண்டிருக்கிறது. அதன் நுனியில் உள்ள காந்த முனைதான் செய்தியைப் படிக்கிறது, எழுதுகிறது. தட்டைத் தொடாமல், காற்றின் மிக மெல்லிய படலத்தின் மீது அது மிதக்கிறது.

தட்டின் பரப்பு ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இலட்சக்கணக்கான வட்டத் தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் உள்ள செய்தியைப் படிக்க வேண்டுமானால் இரண்டு வேலைகள் நடந்தாக வேண்டும். முதலாவதாக, கரம் உரிய தடத்திற்கு நகர வேண்டும். இதற்குச் சராசரியாக 9 மில்லி விநாடி ஆகும் எனக் கொள்வோம். ஒரு மில்லி விநாடி என்பது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டாவதாக, வேண்டிய இடம் சுழன்று முனையின் கீழ் வரவேண்டும். நிமிடத்திற்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. சில வேளை இடம் உடனே வந்துவிடும், சில வேளை முழுச் சுற்றும் காத்திருக்க நேரும். சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் 13 மில்லி விநாடி.

இது நமக்கு ஒன்றுமே இல்லாத நேரம். கணிப்பொறிக்கோ இது ஒரு யுகம்! 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலி இந்த 13 மில்லி விநாடிக்குள் ஏறத்தாழ 4 கோடித் துடிப்புகளைக் கடந்துவிடுகிறது. கரம் வந்து சேரும் வரை அது கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டது. ராமாக் என்ற கணிப்பொறியின் பகுதியாக வந்த அதில், 61 செ.மீ. விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. 50 இலட்சம் எழுத்துகளை அதில் சேமிக்கலாம். ஓரிடத்தைத் தேடிப் பிடிக்கச் சராசரியாக 0.6 விநாடி ஆயிற்று. இன்றைய ஒரு டெராபைட் தட்டு அதைப் போல ஏறத்தாழ 2 இலட்சம் மடங்கு கொள்கிறது. ஆனால், தேடிப் பிடிக்கும் வேகம் 50 மடங்குகூட உயரவில்லை. கொள்ளளவு பெருகிய அளவுக்குக் கரத்தின் நகர்ச்சி விரைவு பெறவில்லை என்பதே நமது தொல்லையின் வேர்.

கோப்பு ஏன் சிதறுகிறது?

கோவையிலிருந்து சென்னைக்குச் செல்லும் ஓர் இரவு இரயிலை எண்ணிப் பாருங்கள். முன்பதிவு தொடங்கிய அன்றே ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் சீட்டு வாங்கினால், அவர்களுக்கு ஒரே பெட்டியில் அடுத்தடுத்த படுக்கைகள் கிடைக்கும். நாட்கள் செல்லச் செல்லப் படுக்கைகள் நிரம்புகின்றன. சிலர் பயணத்தை இரத்து செய்கிறார்கள். மூன்றாம் பெட்டியில் ஒன்று, ஐந்தாம் பெட்டியில் இரண்டு, ஒன்பதாம் பெட்டியில் மூன்று என்று காலியிடங்கள் உண்டாகின்றன. அப்போது சீட்டு வாங்கும் இன்னொரு ஆறு பேர் குடும்பத்திற்கு இடம் உண்டு; ஆனால் ஒரே இடத்தில் இல்லை. இரவு உணவுப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு அம்மாள் பெட்டி பெட்டியாக நடக்க வேண்டியதுதான்.

வன்தட்டிலும் இதுவே நிகழ்கிறது. விண்டோஸ் கணிப்பொறிகளில் தட்டின் இடம் பெரும்பாலும் 4 கிலோபைட் அளவுள்ள சிறு அறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. புதிய தட்டில் கோப்புகள் அடுத்தடுத்த அறைகளில் அமர்கின்றன. பழைய கோப்புகளை அழிக்கும்போது இடையிடையே காலியறைகள் தோன்றுகின்றன. பிறகு வரும் பெரிய கோப்பு, இருக்கும் சந்துகளில் எல்லாம் துண்டு துண்டாகப் புகுந்துகொள்கிறது. ஏற்கனவே உள்ள ஒரு கோப்பு வளரும்போதும் இப்படியே. பக்கத்து அறையில் வேறு கோப்பு குடியேறிவிட்டதால், வளர்ந்த பகுதி தொலைவில் போய் அமர்கிறது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்பதைத் தட்டிலேயே உள்ள ஒரு பட்டியல் குறித்து வைத்திருக்கிறது. இரயிலின் முன்பதிவுப் பட்டியலைப் போன்றது அது. எனவே சிதறினாலும் கோப்பு தொலைவதில்லை. படிக்க நேரம் ஆகிறது, அவ்வளவே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எவ்வளவு நேரம் கூடுகிறது? 10 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பு இருக்கிறது. தட்டு விநாடிக்கு 100 மெகாபைட் வீதம் தொடர்ச்சியாகப் படிக்கக் கூடியது எனக் கொள்வோம். கோப்பு ஒரே இடத்தில் இருந்தால், தேடிப் பிடிக்க 13 மில்லி விநாடி, படிக்க 100 மில்லி விநாடி, ஆக 113 மில்லி விநாடியில் வேலை முடிந்துவிடும். அதே கோப்பு 100 துண்டுகளாகச் சிதறியிருந்தால் தேடுவதற்கு மட்டும் 1,300 மில்லி விநாடி ஆகும். படிக்கும் நேரத்தையும் சேர்த்தால் 1,400. அதாவது 12 மடங்கு!

இப்போது வேறொரு கோப்பைப் பார்ப்போம். 2,000 மெகாபைட் அளவுள்ள ஒரு திரைப்படம் 20 துண்டுகளாக இருக்கிறது. அதை முழுதும் படிக்க 20 விநாடி ஆகும். 20 துண்டுகளைத் தேடுவதற்கு ஆவதோ கால் விநாடிக்குச் சற்றே கூடுதல். இந்தச் சிதறலால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை.

இவ்விரு கணக்குகளும் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டுகின்றன. சிதறல் இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியன்று, துண்டுகள் எவ்வளவு சிறியவை என்பதே கேள்வி. 2009இல் வந்த விண்டோஸ் 7, 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளை ஒன்று சேர்க்க மெனக்கெடுவதில்லை. நாம் எடுத்துக்கொண்ட தட்டில் 64 மெகாபைட்டைப் படிக்க 640 மில்லி விநாடி ஆகும். தேடும் நேரமான 13 அதில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். அதைச் சேமிப்பதற்காக மணிக்கணக்கில் கோப்புகளை இடம் மாற்றுவது வீண் வேலை என்று அதை வடிவமைத்தவர்கள் முடிவு செய்தார்கள். ஆகவே ஏதேனும் ஒரு கருவி, "இன்னும் 3 விழுக்காடு சிதறல் இருக்கிறது" என்று சிவப்பு வண்ணத்தில் காட்டினால் நீங்கள் பதற வேண்டியதில்லை.

ஒழுங்கு செய்யும் கருவி என்ன செய்கிறது?

சிதறிய குடும்பத்தை ஒன்று சேர்க்க டிக்கெட் பரிசோதகர் என்ன செய்வார்? காலியான படுக்கை ஒன்றைப் பார்த்து ஒருவரை அங்கே அனுப்புவார். அவர் விட்டுச் சென்ற இடத்திற்கு இன்னொருவரை அழைப்பார். பட்டியலில் எண்ணைத் திருத்துவார். சிதறல் நீக்கும் கருவியும் இதையே செய்கிறது. துண்டை முதலில் புதிய இடத்தில் படியெடுத்து எழுதி, அதன் பிறகே பட்டியலில் முகவரி மாற்றப்படுகிறது. ஆதலால் இடையில் மின்சாரம் போனாலும் பெரும்பாலும் கோப்புக்குக் கேடு வருவதில்லை.

இங்கே பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. துண்டுகளை இடம் மாற்றும் வேலையைப் பெரும்பாலான கருவிகள் தாமாகச் செய்வதில்லை. "இந்தத் துண்டை அந்த இடத்திற்கு மாற்று" என்று விண்டோஸிடம் கேட்டுக்கொள்கின்றன. இதற்கான உள் வசதி 1996இல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0 பதிப்பிலேயே ஏற்பட்டுவிட்டது. விலைக்கு விற்கும் கருவியும், இலவசக் கருவியும், விண்டோஸுடன் வருவதும் ஒரே வேலையாளைத்தான் ஏவுகின்றன. எதை முதலில் மாற்றுவது, எங்கே வைப்பது என்ற திட்டத்தில் மட்டுமே அவை வேறுபடுகின்றன. எனவே "எமது கருவியால் கணிப்பொறி மூன்று மடங்கு விரையும்" என்பது போன்ற விளம்பரங்களைக் கண்டால் ஐயத்துடன் பார்ப்பதே அறிவுடைமை.

முன்பு இக்கருவிகளைத் தனியே வாங்க வேண்டியிருந்தது. 1993இல் வெளியான எம்.எஸ். டாஸ் 6 உடன் ஒரு கருவி சேர்ந்தே வந்தது. விண்டோஸ் 95, 98 காலத்தில் வண்ணக் கட்டங்கள் திரையில் ஒவ்வொன்றாக இடம் மாறுவதைப் பலர் வேடிக்கை பார்த்திருப்பார்கள். 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இவ்வேலை வாரம் ஒரு முறை தானாகவே நடக்குமாறு அமைக்கப்பட்டுள்ளது.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: உங்கள் கணிப்பொறியில் இருப்பது எந்த வகைத் தட்டு?

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கரமும் இல்லை. எல்லாம் மின்னணுச் சில்லுகள். எந்த இடத்தையும் ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில் எட்டிவிடலாம். துண்டுகள் எங்கே கிடந்தாலும் பெரும் வேறுபாடு இல்லை. மேலும், அதன் நினைவறைகளைச் சில நூறு முதல் சில ஆயிரம் தடவை வரையே அழித்து எழுத முடியும். அதில் சிதறல் நீக்கம் செய்வது பயனின்றி அதைத் தேய்ப்பதாகும். அதற்கு வேண்டியது டிரிம் என்ற வேறொரு பணி: அழிக்கப்பட்ட கோப்புகளின் இடங்கள் இனி வேண்டாதவை என்று எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிப்பது. விண்டோஸ் இதைத் தானாகச் செய்துவிடுகிறது. அரிதாகச் சிதறல் நீக்கம் தேவைப்பட்டாலும் அதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. நாம் தலையிட வேண்டாம். பென் டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் இதே விதிதான்.

தட்டின் வகையை அறிவது எளிது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தேடும் பெட்டியில் டீஃப்ராக் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் ஒரு சாளரம் திறக்கும். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே அது வன்தட்டா, எஸ்.எஸ்.டி.யா என்று எழுதியிருக்கும்.

இரண்டாம் கேள்வி: தட்டு நலமாக இருக்கிறதா?

மூன்று கேள்விகளில் மிக முக்கியமானது இதுவே. கணிப்பொறி மெதுவாவதற்குச் சிதறல் மட்டுமே காரணம் அன்று. தட்டின் சில இடங்கள் கெட்டுவிட்டால், முனை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். வெளியே பார்ப்பவருக்கு இதுவும் 'மெதுவாகிவிட்டது' என்றே தோன்றும். அந்த நிலையில் சிதறல் நீக்கம் செய்தால் தட்டின் பெரும்பகுதியையும் படித்து எழுத வேண்டிய சுமை அதன் மேல் விழுகிறது. நோயாளியை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வது போன்றது இது. எஞ்சியிருக்கும் உயிரும் அதில் போய்விடலாம்.

வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைத்துக்கொள்கின்றன. இவ்வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராம் அக்குறிப்பைப் படித்துக் காட்டும். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு அபாயம். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்கள், மாற்றக் காத்திருக்கும் செக்டார்கள் ஆகிய இரண்டின் எண்ணிக்கையும் சுழியாக இருப்பதே நல்லது. அவை நாளுக்கு நாள் உயர்ந்தால் சிதறல் நீக்கத்தை மறந்துவிடுங்கள். உடனே முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டுத் தட்டை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். 'டக், டக்' என்று தட்டும் ஓசை கேட்டாலும் இதையே செய்ய வேண்டும். ஸ்மார்ட் எல்லாப் பழுதையும் முன்கூட்டி அறிவிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே நலமாகத் தோன்றும் தட்டிலும், வேலையைத் தொடங்கும் முன் ஒரு படி எடுத்து வைப்பது நல்லது.

மூன்றாம் கேள்வி: உண்மையிலேயே சிதறல்தான் காரணமா?

மேலே சொன்ன விண்டோஸ் சாளரத்திலேயே 'ஆராய்க' என்ற பொருள்படும் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சிதறலின் விழுக்காடு தெரியும். 10க்கு மேல் இருந்தால் ஒழுங்கு செய்யலாம் என்பது விண்டோஸ் 7 காலத்தில் மைக்ரோசாஃப்ட் கூறிய அறிவுரை. 2 அல்லது 3 என்று காட்டினால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. நினைவகம் போதாமல் இருக்கலாம். அப்போது கணிப்பொறி தன் நினைவகத்தில் கொள்ளாததை எல்லாம் ஓயாமல் தட்டில் எழுதி எழுதிப் படிக்கும். தொடங்கும்போதே பத்துப் பதினைந்து புரோகிராம்கள் கூடவே எழுந்துகொள்வதாலும் தாமதம் நேரும். தட்டு நிரம்பி வழிவதும் ஒரு காரணம். பரிசோதகர் பயணிகளை மாற்றி அமர்த்தச் சில காலிப் படுக்கைகளாவது வேண்டும் அல்லவா? விண்டோஸ் எக்ஸ்பியின் கருவி 15 விழுக்காடு இடம் காலியாக இருக்க வேண்டும் என்று கேட்டது. இன்றும் அது நல்ல அளவுகோலே.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற மடிக்கணிப்பொறிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அத்தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் சுழலும் தட்டே இருந்தது. அவற்றை வைத்திருப்போர் இம்மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுப் பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

இலவசக் கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

சுழலும் தட்டு, நல்ல உடல்நிலை, கணிசமான சிதறல். இம்மூன்றும் உறுதியான பின்னரே கருவியைப் பற்றிய பேச்சு. பெரும்பாலோருக்குப் புதிதாக எதுவும் தேவைப்படாது. விண்டோஸுடன் வரும் கருவியே போதும். அதற்குத் தனியே விலை இல்லை, விளம்பரம் இல்லை. கணிப்பொறியைத் தொடங்கத் தேவையான கோப்புகளை அருகருகே அடுக்கும் வேலையையும் எக்ஸ்பி காலத்திலிருந்தே அது கவனித்து வருகிறது. வாரம் ஒரு முறை தானாக நடக்குமே, பின் ஏன் சிதறல் சேர்கிறது என்று கேட்கலாம். கணிப்பொறி ஓய்வாக இருக்கும் நேரத்தில்தான் இப்பணி நடைபெறும். வேலை முடிந்தவுடன் அணைத்துவிடும் வழக்கமுள்ள வீடுகளில் அது தள்ளிக்கொண்டே போக இடமுண்டு. அப்படியானால் ஓர் இரவு மின் இணைப்பில் வைத்து நாமே தொடங்கிவிடலாம்.

தனித் தேவை உள்ளவர்களுக்கு வேறு கருவிகள் உண்டு. ஒரே ஒரு பெரிய கோப்பை மட்டும் சீர் செய்ய வேண்டுமானால் கான்டிக் என்ற சிறு கருவி உதவும். இதை எழுதியவர் விண்டோஸின் உள்ளமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற மார்க் ருசினோவிச். இன்று மைக்ரோசாஃப்டின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்க வேண்டியிருப்பதால் பழக்கம் தேவை. எந்தக் கோப்பு எத்தனை துண்டாக இருக்கிறது என்று பட்டியலாகப் பார்த்து, தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் சேர்க்க விரும்புவோர் பிரிஃபார்ம் நிறுவனத்தின் டீஃப்ராக்ளரைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தட்டின் படமும் அதில் தெரியும் என்பதால், மாணவர்களுக்குக் கற்பிக்க ஏற்றது.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஜெரோன் கெஸ்ஸல்ஸ் எழுதிய ஜேகே டீஃப்ராக், அதன் வழித்தோன்றலான மைடீஃப்ராக் ஆகியவை தட்டை மண்டலங்களாகப் பிரித்து அடுக்கும் முறையால் பெயர் பெற்றவை. தட்டின் வெளிவட்டம் நீளமானது. ஒரு சுற்றில் உள்வட்டத்தைவிட அதிகச் செய்தி அங்கே முனையைக் கடக்கிறது. எனவே அடிக்கடி வேண்டிய கோப்புகளை வெளிப்பக்கமும் அரிதாக வேண்டியவற்றை உட்பக்கமும் வைப்பது அம்முறை. கருத்து அருமையானது. ஆனால் இவற்றின் வளர்ச்சி பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. பழைய விண்டோஸ் உள்ள பழைய பொறிக்கு ஒத்துவரலாம், புதியவற்றில் தவிர்ப்பதே நலம். அல்ட்ராடீஃப்ராக் என்பது, விண்டோஸ் முழுதும் எழுவதற்கு முன்பே இயங்கி, பிற வேளைகளில் தொட முடியாத கோப்புகளையும் சீர் செய்யவல்லது. அதன் 7ஆம் பதிப்பு வரை மூலநிரல் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. பின்னர் அது விலைப் பொருளாயிற்று.

லினக்ஸ் பயன்படுத்துவோர் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. அதில் வழக்கமாக உள்ள இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறை, கோப்பின் அளவு ஓரளவு தெரியும் வரை பொறுத்திருந்து இடம் ஒதுக்குவதால் சிதறல் குறைவு. ஐயம் இருந்தால் இ4டீஃப்ராக் என்ற இலவசக் கருவியைச் சோதனை மட்டும் செய்யுமாறு இயக்கலாம். அது ஒரு மதிப்பெண் கொடுக்கும். 30 வரை குறையில்லை, 31 முதல் 55 வரை சிறிது சிதறல், 56க்கு மேல் சீர் செய்ய வேண்டும்.

இலவசம் என்ற சொல்லில் கவனம்

இலவசக் கருவி தேடுவோர் இடறும் இடம் ஒன்று உண்டு. சில கருவிகளை நிறுவும்போது, முன்கூட்டியே குறியிட்ட சிறு கட்டங்களின் வழியே கேட்காத புரோகிராம்களும் உள்ளே வந்துவிடுகின்றன. அவை தொடக்கத்திலேயே எழுந்து நின்று, மெதுவான கணிப்பொறியை மேலும் மெதுவாக்கும். ஆகவே நிறுவும்போது ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்தே அடுத்த பொத்தானை அழுத்துங்கள். கண்ட இடத்தில் எடுக்காமல், அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே எடுங்கள்.

இதுவும் முழுக் காப்பு ஆகாது என்பதை 2017ஆம் ஆண்டு உணர்த்தியது. டீஃப்ராக்ளரை உருவாக்கிய அதே பிரிஃபார்ம் நிறுவனத்தின் சிகிளீனர் என்ற புகழ்பெற்ற துப்புரவுக் கருவியின் ஒரு பதிப்பில், அந்நிறுவனத்திற்குள் ஊடுருவியவர்கள் தீய நிரலைச் சேர்த்துவிட்டார்கள். முறையான தளத்தின் வழியாகவே அது பரவியது. ஏறத்தாழ 22 இலட்சத்து 70 ஆயிரம் கணிப்பொறிகளில் அந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருந்ததாக அறிவிக்கப்பட்டது. தட்டு முழுவதையும் தொட உரிமை கேட்கும் எந்தக் கருவியும், வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளும் விருந்தாளியைப் போன்றது. ஏற்கனவே வீட்டில் உள்ளவரே அவ்வேலையைச் செய்வாரானால் வெளியாரிடம் சாவி கொடுப்பானேன்?

செய்து பாருங்கள்

ஒழுங்கு செய்வதால் உண்மையிலேயே பயன் விளைந்ததா என்பதை நீங்களே அளந்து அறியலாம். ஒரு கைக்கடிகாரமும் ஒரு தாளும் போதும். கணிப்பொறியை முழுதும் அணைத்துப் பின் இயக்கி, அது தயாராகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு பெரிய புரோகிராமைத் திறந்து, அதற்காகும் நேரத்தையும் குறியுங்கள். இதை மூன்று தடவை செய்து சராசரி காணுங்கள். ஒவ்வொரு தடவையும் அணைத்து இயக்குவது அவசியம். ஏனெனில், ஒரு முறை திறந்த கோப்பை நினைவகம் வைத்துக்கொள்வதால் இரண்டாம் முறை எப்படியும் விரைவாகவே திறக்கும். விண்டோஸ் 8 முதலான பதிப்புகளில் சாதாரணமாக அணைத்தால் அது அரைத் தூக்கத்திலேயே இருக்கும். ஆதலால் 'மறுதொடக்கம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சிதறல் நீக்கி, அதே சோதனையை மும்முறை செய்து சராசரிகளை ஒப்பிடுங்கள்.

வேறுபாடு கணிசமாக இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் அதுவும் ஒரு விடையே. சிதறல் குற்றவாளி அன்று என்பது உறுதியாகிவிட்டது. தொடக்கத்தில் எழும் புரோகிராம்களைக் குறைப்பது, நினைவகத்தைக் கூட்டுவது, இயலுமானால் சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவது ஆகியவற்றை அடுத்து எண்ணிப் பார்க்கலாம். 13 மில்லி விநாடியை 0.1 ஆகக் குறைக்கும் இம்மாற்றத்திற்கு ஈடாகும் சிதறல் நீக்கும் கருவி எதுவுமே இல்லை. பணம் செலவிட இயலாதவர்களுக்கு, கையில் உள்ள தட்டை நல்ல முறையில் வைத்துக்கொள்ளச் சிதறல் நீக்கம் ஒரு எளிய வழி.

தட்டின் வகை, அதன் நலம், சிதறலின் அளவு, அதன் பிறகு கருவி. இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, இழக்க விரும்பாத கோப்புகளுக்கு ஒரு படி எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். மெதுவான கணிப்பொறியை என்றைக்கு வேண்டுமானாலும் சீர் செய்துகொள்ளலாம். தட்டோடு போய்விட்ட படங்களைத் திரும்பப் பெறுவது அரிது.